ஒயில் மட்டம் சரி, லைட் மட்டும் எரிகிறது: ஹைபிரிட் கார் பிரேக்கில் பழுது தேடும் முறை

கேள்வி சுருக்கமாக இது: ஜப்பானிலிருந்து வந்த 2010 பிரியஸ். மஞ்சள் நிற பிரேக் லைட்டும் ஏபிஎஸ் (சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) லைட்டும் எரிந்தன. கராஜில் பிரேக் ஒயில் குறைவு என்று ஊற்றி விட்டார்கள். இரண்டு நாளில் லைட் திரும்ப வந்துவிட்டது. பொனட்டுக்குள் அடிக்கடி "கிர்ர்" என்று ஒரு சத்தமும் கேட்கிறது. ஒயில் மட்டத்தை எப்படிச் சரியாகப் பார்ப்பது, முழு பூஸ்டர் யூனிட்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் இனி ஒயில் ஊற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஒயில் குறைவுக்கு உரியவை அல்ல. அந்த "கிர்ர்" சத்தம்தான் இங்கே முக்கியமான தடயம். ஆனால் அதைப் புரிந்துகொள்ள இந்தக் காரின் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரண காரில் பெடலை மிதித்தால் இன்ஜின் தரும் வெற்றிடம் பூஸ்டர் வழியாக உங்கள் காலுக்குத் துணை செய்யும். பிரியஸில் இன்ஜின் அடிக்கடி நின்றுவிடும், ஆகவே அந்த வெற்றிடத்தை நம்ப முடியாது. அதற்குப் பதிலாக ஒரு மின் பம்ப் பிரேக் ஒயிலை அழுத்தி, அக்யூமுலேட்டர் என்ற உலோகக் கலத்தில் சேமித்து வைக்கிறது. கலத்துக்குள் நைதரசன் வாயு அடைக்கப்பட்டிருக்கும்; ஒயில் உள்ளே போகப் போக வாயு சுருங்கி, 150 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஒயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பெடலை மிதிக்கும்போது கணினி எவ்வளவு வேகக்குறைப்பு வேண்டும் என்று கணக்கிடும். முடிந்த அளவை மோட்டர் மின்சாரமாக்கிப் பற்றரிக்கு அனுப்பும். மிச்சத்துக்கு மட்டும் அக்யூமுலேட்டர் அழுத்தம் வால்வுகள் வழியாகச் சில்லுகளுக்குப் போகும். பெடலில் நீங்கள் உணரும் இறுக்கத்தின் பெரும்பகுதி சிமுலேட்டர் என்ற, கால் உணர்வைப் போலியாகத் தரும் ஒரு பகுதி உண்டாக்குவது. அதனால் பெடல் நன்றாக இருக்கிறது என்ற உணர்வை மட்டும் வைத்து இந்தக் காரில் எதையும் முடிவு கட்டக் கூடாது.

ஒயில் மட்டத்தைப் பார்க்கும் முறை

இங்கேதான் பல கராஜ்கள் தவறுகின்றன. அக்யூமுலேட்டர் நிறைந்திருக்கும்போது ஒயிலின் ஒரு பகுதி அதற்குள் இருக்கும். ஆகவே தொட்டியில் மட்டம் இறங்கித் தெரியும். அழுத்தம் வெளியேறினால் அந்த ஒயில் தொட்டிக்குத் திரும்பி வரும், மட்டம் ஏறும். ஒரே கார், ஒரே ஒயில், இரண்டு வேறு மட்டங்கள். அழுத்தம் நிறைந்த நிலையில் பார்த்து, குறைவு என்று மேல் கோடு வரை ஊற்றினால், பிறகு அழுத்தம் இறங்கும்போது ஒயில் மூடி வழியாக வழியும். பிரேக் ஒயில் பெயின்டைக் கரைக்கும். வயரிங் இணைப்பிகளுக்குள் போனால் இன்னும் மோசம்.

சரியான முறை: சமதரையில் நிறுத்தி, பார்க் (P) நிலையான பீ-யில் போட்டு, காலால் மிதிக்கும் பார்க்கிங் பிரேக்கையும் போட்டு, பவரை ஓஃப் செய்யுங்கள். பிறகு பிரேக் பெடலை விடாமல் மிதித்து விட்டு மிதித்து விட்டு வாருங்கள். 20 தடவைக்குக் குறையக் கூடாது, 40 வரை போனாலும் குற்றமில்லை. முதல் சில மிதிப்புகளில் பம்ப் விழித்துக்கொண்டு ஓடலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். எண்ணிக்கையைவிடக் காலில் வரும் மாற்றம்தான் அளவுகோல்: ஒரு கட்டத்தில் பெடல் இலேசாகி, முன்பைவிட ஆழமாக இறங்கும். அந்த மாற்றம் வராவிட்டால் அழுத்தம் இன்னும் வெளியேறவில்லை என்று அர்த்தம்.

இப்போது பொனட்டைத் திறந்து பாருங்கள். பிரியஸில் தொட்டி சாரதி பக்கம், கண்ணாடிக்குக் கீழே ஒதுங்கி இருக்கிறது. ஓரத்திலுள்ள ரப்பர் பட்டியை நகர்த்தி, சிறிய பிளாஸ்டிக் மூடியை எடுத்தால்தான் வாய் தெரியும். டோர்ச் வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து அடித்தால் கோடுகள் தெளிவாகத் தெரியும். அழுத்தம் வெளியேறிய இந்த நிலையில் ஒயில் மேல் கோட்டை ஒட்டி, அதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். பிறகு காரை ரெடி (ஓட்டத் தயார்) நிலைக்குக் கொண்டுவந்து, பம்ப் ஓடி நின்ற பின் மறுபடி பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும், கீழ்க் கோட்டுக்கு மேலே நின்றால் போதும்.

உங்கள் காரில் ஏற்கெனவே ஊற்றியிருப்பதால், அழுத்தம் வெளியேறிய நிலையில் ஒயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கக்கூடும். அப்படியானால் சுத்தமான ஊசி சிரிஞ்சால் மிகையை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். எடுத்ததைத் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

என்ன ஒயில்? இந்தக் காருக்கு டொட் 3. அதன் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறிய பின் 140. டொட் 4 அதே கிளைகோல் குடும்பம்தான், 230 மற்றும் 155; கலந்தால் ஆபத்தில்லை. டொட் 5 என்று சிலிக்கோன் ஒயில் ஒன்று இருக்கிறது. அது மட்டும் இந்தக் காருக்குள் ஒரு துளியும் போகக் கூடாது. டொட் 5.1 வேறு, அது கிளைகோல்தான். போத்தல் சீல் உடையாததாக இருக்கட்டும். கராஜ் தட்டில் பாதி திறந்து மாதக்கணக்கில் கிடந்த போத்தல், நம் கரையோரக் காற்றின் ஈரத்தை எல்லாம் குடித்திருக்கும். மண்ணெண்ணெய், இன்ஜின் ஒயில், பவர் ஸ்டியரிங் ஒயில் எதுவும் படக் கூடாது; படும் ரப்பர் சீல் எல்லாம் ஊதிப் போகும், பிறகு யூனிட் முழுவதும் வீண்.

மட்டம் இறங்குவதற்கு என்ன பொருள்

எந்தக் காரிலும் பிரேக் பாட் தேயத் தேய, அதை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரின் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை ஒயில் நிரப்பும், மட்டம் மெல்ல இறங்கும். ஹைபிரிட்டில் பெரும்பாலான வேகக்குறைப்பை மோட்டர் செய்துவிடுவதால் பாட் மிக மெதுவாகத் தேயும். 1 இலட்சம் கிலோமீற்றர் தாண்டியும் நல்ல தடிப்போடு இருப்பது சாதாரணம். ஆகவே ஹைபிரிட்டில் சில மாதத்துக்குள் மட்டம் கண்ணில் தெரியும்படி இறங்கினால் அதற்குப் பாட் காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. எங்கோ கசிகிறது. நான்கு சில்லுகளின் உட்பக்கம், கலிப்பரின் ரப்பர் உறை, ஹோஸ் இணைப்புகள், பூஸ்டர் சுவரோடு சேரும் இடம், காருக்குள் பெடலுக்கு மேலே என எல்லா இடத்தையும் பாருங்கள். டொயோட்டா அக்வாவிலும் அக்ஸியோ ஹைபிரிட்டிலும் பின்னால் ட்ரம் பிரேக். அங்கே வீல் சிலிண்டர் கசிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ட்ரம்மைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

இதன் மறுபக்கம்தான் உங்கள் காருக்குப் பொருந்துவது. உங்களுடையதைப் போன்ற மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் வரும் மிகச் செலவான பிரேக் பழுதில் ஒயில் மட்டம் குறையவே குறையாது. பூஸ்டருக்குள் இருக்கும் வால்வோ சீலோ பழுதானால், அழுத்தத்தில் இருக்கும் ஒயில் உள்ளுக்குள்ளேயே கசிந்து தொட்டிக்குத் திரும்பிவிடும். வெளியே ஒரு சொட்டும் விழாது. பம்ப் மட்டும் இழந்த அழுத்தத்தை ஈடுகட்ட ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டி நிறைந்திருப்பதைப் பார்த்து "பிரேக் ஒயில் நல்லா இருக்கு, சென்சர் பழுது" என்று அனுப்பிவிடும் மெக்கானிக்குகள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

காதால் செய்யும் சோதனை

இதற்குக் கருவி வேண்டாம். அமைதியான இடத்தில் காரை நிறுத்துங்கள். ரெடி, பீ, ஏசி ஓஃப், வானொலி ஓஃப். சாரதி கதவைத் திறக்கும்போதே பம்ப் ஓரிரு விநாடி ஓடும். அது இயல்பு, காரைத் தயார்படுத்துகிறது. பம்ப் நின்றதும் காலைப் பெடலிலிருந்து முழுதாக எடுத்துவிட்டு, கைத்தொலைபேசியில் நேரத்தைப் பாருங்கள். நல்ல காரில் ஒரு நிமிடத்துக்கும் மேல் ஒன்றும் கேட்கக் கூடாது. யாரும் பெடலைத் தொடாமலே பத்து, இருபது விநாடிக்கு ஒருமுறை பம்ப் ஓடினால் உள்கசிவு இருக்கிறது.

அடுத்து, பெடலை நன்றாக மிதித்து விடுங்கள். ஒரு சில மிதிப்புகளுக்கு ஒருமுறை பம்ப் ஓடுவது இயல்பு. ஒவ்வொரு மிதிப்புக்கும் ஓடுகிறது, ஆனால் காலை எடுத்தபின் நீண்ட நேரம் அமைதியாக இருக்கிறது என்றால் சந்தேகம் அக்யூமுலேட்டர் மேல் போகும். வாயு குறைந்த கலம் சேமிக்க முடியாமல், ஒரே மிதிப்பில் தீர்ந்துபோகிறது. இரண்டு நடத்தையும் சேர்ந்திருந்தால் இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கலாம். இந்த ஐந்து நிமிடச் சோதனை, எந்தப் பகுதிக்குப் பணம் செலவழிக்கப் போகிறோம் என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடும்.

அக்யூமுலேட்டர் விஷயத்தில் ஒரு வரலாறும் உண்டு. 2013 ஜூனில் டொயோட்டா உலகெங்கும் ஏறத்தாழ 2,42,000 கார்களைத் திரும்ப அழைத்தது. 2009இல் தயாரான பிரியஸும் லெக்சஸ் எச்எஸ்250எச்சும். கலத்தில் அதிர்வால் வெடிப்பு விழுந்து நைதரசன் ஒயிலுக்குள் கசிந்து, பெடல் ஆழம் போகக்கூடும் என்பதுதான் காரணம். 2010 பெப்ரவரியில் வேறொரு ரீகால். அது ஏபிஎஸ் மென்பொருளுக்கு. ஜப்பானிலிருந்து வந்த காருக்கு இந்த வேலைகள் நடந்ததா என்பதை டொயோட்டாவின் ஜப்பான் தளத்தில் சேசிஸ் எண்ணை இட்டுப் பார்க்கலாம். உங்கள் கார் 2010 பதிவு என்றாலும் தயாரிப்பு 2009ஆக இருக்க வாய்ப்புண்டு, கட்டாயம் பாருங்கள்.

லைட்டும் கோடும்

சிவப்பு பிரேக் லைட் என்றால் பார்க்கிங் பிரேக் விடுபடவில்லை, அல்லது ஒயில் குறைவு, அல்லது அழுத்தத்தில் தீவிரப் பழுது. மஞ்சள் என்றால் மின்னணு பிரேக் கட்டுப்பாட்டிலோ மீள்சக்திப் பிரேக்கிலோ (மோட்டர் மின்சாரமாக்கிப் பிடிக்கும் பிரேக்) கோளாறு; கார் நிற்கும், ஆனால் கணினி ஏதோ ஒன்றை நம்பவில்லை. சிவப்போடு தொடர்ச்சியான பஸர் சத்தமும் வந்தால் அக்யூமுலேட்டர் அழுத்தம் தீர்ந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பெடலைப் பலமாக, ஒரே அழுத்தாக மிதித்து, ஓரமாக நிறுத்துவது. அடிக்கடி மிதித்து மிதித்து விட்டால் மிஞ்சியிருக்கும் அழுத்தமும் போய்விடும். அழுத்தம் முழுதும் போனாலும் பெடல் நேரடியாகச் சில்லுகளுக்கு ஒயிலைத் தள்ளும் வழி இருக்கிறது, ஆனால் துணைவிசை இராது. நிறுத்தும் தூரம் நீளும். அங்கிருந்து வீட்டுக்கு ஓட்டிப் போகக் கூடாது, ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

கோடு, அதாவது கணினி பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடு, வாசிக்கும்போது ஒரு சிக்கல். சந்தையில் கிடைக்கும், காரின் ஓபிடி சொக்கெட்டில் செருகும் மலிவான ஸ்கானர்கள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டும் வாசிக்கும். பிரேக் கோடுகள் "சி" என்ற எழுத்தில் தொடங்குபவை. டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருள் அல்லது பிரேக் கணினியோடு பேசத் தெரிந்த ஸ்கானர் வேண்டும். "ஸ்கான் பண்ணினோம், ஒரு கோடும் இல்லை" என்று யாராவது சொன்னால், எந்தக் கருவியால் என்று கேளுங்கள்.

உங்கள் அறிகுறிக்கு எதிர்பார்க்க வேண்டிய கோடுகள் நான்கு. சி1391 என்பது அக்யூமுலேட்டர் அழுத்தம் அசாதாரணமாகக் கசிகிறது என்பது. சி1252, பம்ப் மோட்டர் மிக நீண்ட நேரம் ஓடுகிறது என்பது. சி1256, அக்யூமுலேட்டர் அழுத்தம் தாழ்வு. சி1253, பம்ப் மோட்டரின் ரிலே கோளாறு. முதல் இரண்டும் சேர்ந்து வந்து, காதுச் சோதனையிலும் பம்ப் தானாக ஓடினால் பூஸ்டர் பக்கம்தான் பழுது என்பதில் எனக்கு அதிகச் சந்தேகம் இராது. சி1253 தனியாக வந்தால் யூனிட்டைத் தொடுவதற்கு முன் ஃபியூஸ், ரிலே, வயரிங் எல்லாம் பார்த்துவிட வேண்டும்.

சி1202 வந்தால் ஒயில் மட்ட சுவிட்ச். உண்மையிலேயே குறைந்திருக்கலாம், அல்லது இணைப்பி கழன்றிருக்கலாம். சி0200, சி0205, சி0210, சி0215 ஆகியவை நான்கு சில்லுகளின் வேக சென்சர்கள். பெயரிங் மாற்றிய வேலைக்குப் பின் வந்தால் அங்கேயே தேடுங்கள். சி1241 என்றால் மின்னழுத்தம் குறைவு, பெரும்பாலும் சிறிய 12 வோல்ட் பற்றரி.

அந்த 12 வோல்ட் பற்றரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரியஸில் அது டிக்கியின் வலப்பக்கம் இருக்கிறது. இன்ஜினைச் சுழற்றும் வேலை அதற்கு இல்லை, கணினிகளை எழுப்பும் வேலை மட்டும்தான். ஆகவே நலிந்துபோனாலும் கார் ரெடி ஆகிவிடும், சொந்தக்காரருக்குத் தெரியாது. ஆனால் பிரேக் பம்ப் இழுக்கும் நேரத்தில் மின்னழுத்தம் சரிந்தால் பிரேக் லைட்டும் ஏபிஎஸ் லைட்டும் சேர்ந்து எரியும். இரவு முழுதும் நிறுத்திய காரில், காலையில் கதவைத் திறக்காமல் அளக்க முடிந்தால் நல்லது, 12.5 வோல்ட் அளவில் இருந்தால் திருப்தி, 12.2க்குக் கீழே என்றால் பற்றரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ரெடியில் 13.5இலிருந்து 14.5 வரை. பூஸ்டருக்குப் பணம் கட்டும் முன் இந்த அளவை எடுக்காத கராஜில் வேலை கொடுக்க வேண்டாம்.

பழுதைப் போலத் தெரிந்து பழுதல்லாதவை

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கும்போது பெரிய பற்றரி நிறைந்துவிடும். இனி மின்சாரத்தை வைக்க இடமில்லை, மீள்சக்திப் பிரேக் குறையும், உராய்வுப் பிரேக்கே முழு வேலையும் செய்யும். இன்ஜின் எரிபொருள் இல்லாமலே சத்தமாகச் சுற்றும். இது பழுதில்லை. இறக்கம் தொடங்கும்போதே டி (D) நிலைக்குப் பதிலாக லீவரில் இருக்கும் "பி" (B) நிலைக்கு, அதாவது இன்ஜின் பிரேக் நிலைக்கு மாற்றினால் டிஸ்க் சூடேறாது. சமதரையில் அந்த நிலையில் ஓட்டுவது வீண்.

குழியில் அல்லது மணலில் ஒரு சில்லு வழுக்கும்போது கணினி மீள்சக்திப் பிரேக்கை விட்டுவிட்டு ஒயில் பிரேக்குக்கு மாறும். அந்தக் கணத்தில் கார் முன்னே நழுவுவது போலத் தோன்றும். பெடலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பிடிக்கும். 10 கிலோமீற்றர் வேகத்துக்குக் கீழே மோட்டரிலிருந்து பாட்டுக்கு மாறும்போது மெல்லிய உதறல் வருவதும் இயல்பே.

ஆனால் தேய்மானம் இல்லாததே உண்டாக்கும் பழுது ஒன்று இருக்கிறது. பாட் வேலை செய்யாமல் கிடப்பதால் டிஸ்க் துருப்பிடிக்கும், கலிப்பர் நழுவி நகர உதவும் பின்கள் (pin) இறுகிப்போகும். கடற்கரை ஊர்களில் ஓடும் கார்களில் இது மிகச் சாதாரணம். உட்பக்கப் பாட் ஒரு தடிப்பு, வெளிப்பக்கப் பாட் வேறு தடிப்பு என்றால் அந்தக் கலிப்பர் பின் இறுகியிருக்கிறது. ஓட்டி வந்தபின் ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தாலும் அதுவே. வருடத்துக்கு ஒருமுறை கலிப்பரைக் கழற்றி, பின்களைச் சுத்தம் செய்து, ரப்பருக்கு ஒவ்வாத சாதாரண கிரீஸ் இல்லாமல் பிரேக்குக்கு உரிய கிரீஸ் பூச வேண்டும். மேற்பரப்புத் துருவைப் போக்க, வாகனமே இல்லாத நேரான வீதியில் நியூட்ரல் (N) நிலையில் இரண்டு மூன்று தடவை நன்றாகப் பிரேக் பிடித்தால் போதும். அந்த நிலையில் மோட்டர் உதவாது, பாட் மட்டுமே பிடிக்கும். பாட் 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றிவிடுங்கள்.

பாட் மாற்றும் மெக்கானிக்குக்கு ஓர் எச்சரிக்கை. கலிப்பர் கழன்றிருக்கும்போது யாரேனும் கதவைத் திறந்தாலோ பெடலைத் தொட்டாலோ பம்ப் விழித்துப் பிஸ்டனை வெளியே தள்ளிவிடும். விரல் அகப்பட்டால் நசுங்கும். பவர் ஓஃப் செய்து, சாவியைத் தூரத்தில் வைத்து, கதவுகளை மூடி இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருந்து, 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது தொட்டியில் மட்டம் ஏறும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒயில் மாற்றுவதற்கு இரண்டு வருடம் நல்ல இடைவெளி. ஒரு லீற்றர் சீல் போத்தல் போதும். பழைய முறையில் ஒருவர் மிதிக்க ஒருவர் நட்டைத் திறந்து காற்று எடுப்பது இந்த அமைப்பில் சரிவராது. பம்பையும் வால்வுகளையும் ஸ்கானர் வழியாக இயக்கித்தான் செய்ய வேண்டும். உள்ளே காற்றுக் குமிழ் தங்கினால் புதிய கோடுகள் வந்து சேரும்.

வெசல், ஃபிட் ஜிபி5 வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன அக்யூமுலேட்டர் சோதனையைத் தங்கள் காரில் செய்ய வேண்டாம். ஹொண்டா அந்தக் கார்களில் மோட்டரால் இயங்கும் சிலிண்டர் ஒன்றைக் கொண்டு அழுத்தத்தை உண்டாக்குகிறது, சேமித்து வைப்பதில்லை. அவற்றுக்கு நடைமுறையும் கோடுகளும் வேறு.

முழு யூனிட்டையும் மாற்றுவதா

உங்கள் காருக்கு வருகிறேன். 12 வோல்ட் அளவு சரி, காதுச் சோதனையில் பம்ப் தானாக ஓடுகிறது, சி1391ம் இருக்கிறது என்றால் பூஸ்டர் மாற்றத்தைத் தவிர்க்க முடியாது. இதில் பூஸ்டரோடு கூடிய மாஸ்டர் சிலிண்டர் (பெடல் ஒயிலைத் தள்ளும் இடம்) ஒரு பகுதி, அக்யூமுலேட்டரோடு கூடிய பம்ப் தனிப் பகுதி. இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னால் எந்தச் சோதனையால் இரண்டும் பழுதென்று முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். ஆனால் உள்கசிவோடு நெடுங்காலம் ஓட்டிய காரில் பம்ப் அளவுக்கு மீறி உழைத்திருக்கும். அப்படியானால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. இல்லாவிட்டால் சில மாதத்தில் மறுபடி அதே கூலியைக் கொடுக்க நேரும்.

பாவித்த யூனிட் வாங்கினால் பாகத்தின் எண் உங்கள் பழைய யூனிட்டின் எண்ணோடு பொருந்த வேண்டும். பிரியஸ் என்று சொன்னதை மட்டும் நம்பக் கூடாது. ஒயில் துவாரங்கள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். மூடாமல் கிடந்த யூனிட்டுக்குள் ஈரமும் தூசியும் போயிருக்கும், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பொருத்திய பின் காற்று எடுத்து, லீனியர் வால்வு அளவீட்டுப் பயிற்சியை (புதிய வால்வுகளின் அளவைக் கணினிக்குப் பழக்குவது) ஸ்கானரில் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சி1345 வரும், லைட் எரியும். பலர் அதைப் பார்த்து வாங்கிய யூனிட்டும் பழுதென்று திருப்பிக் கொடுக்கிறார்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். வண்டியை எடுக்கும் முன், அதே காதுச் சோதனையை மெக்கானிக்கின் முன்னாலேயே செய்து பம்பின் இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட அந்த எண் கையில் இருக்கும்.